உப்புவெளியில் இறங்கியவன்

மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

உங்கள் கூட்டத்துக்கு வந்து பேசச் சொன்னீர்கள். வர மறுத்துவிட்டேன். மேடையில் ஏற்றினால் நான் பொய் சொல்வேன். மைக்கைக் கண்டதும் என் பிழைகள் எல்லாம் "சவாலான அனுபவங்கள்" ஆகிவிடும். தனியே மேசையில் இருந்து எழுதும்போது அவ்வளவு துணிச்சல் வருவதில்லை. ஆகவே எழுதி அனுப்புகிறேன்.

கத்தியை எப்படிப் பிடிப்பது என்பதை உங்களுக்கு வேறு ஆட்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது ஒரு பஸ் நடத்துநரின் மண்டையைப் பற்றி. அதை நான் ஒரு முறை வீணாகத் திறந்தேன்.

நான் வேலை செய்த பெரிய ஆஸ்பத்திரி திருகோணமலையிலிருந்து பல மணித்தியாலப் பயணம். மாதத்துக்கு ஒரு முறை சொந்த ஊரான இங்கே வந்து கிளினிக் நடத்துவேன். மேல்மாடி அறை. யன்னலால் துறைமுகம் தெரியும். நோயாளிகள் கப்பலை எட்டிப் பார்ப்பார்கள். நான் அவர்களுடைய மண்டைப் படத்தை அதே யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன். சுவரில் விளக்குப் பெட்டி இருந்தது. ஆனாலும் யன்னலில் பிடித்தால்தான் உறவினர்கள் எல்லோரும் கூடி நின்று பார்ப்பார்கள். எனக்குக் கூட்டம் பிடிக்கும்.

அப்படி ஒரு நாள் வந்தவர் ராசன். அது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. நகரத்திலிருந்து குச்சவெளி வரை ஓடும் தனியார் பஸ்ஸில் நடத்துநர். வயது நாற்பதுக்குக் கிட்ட. வாயைத் திறந்தால் பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும். கடந்த சில மாதங்களாக அவருக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. இரண்டு வகைக் குளிசை மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. கடைசியாக இறக்கக்கண்டிப் பாலத்தில் மிதிபலகையில் நின்றபோது வந்திருக்கிறது. ஒரு பயணி சட்டைக் கொலரில் பிடித்து இழுத்திராவிட்டால் ஆள் களப்புத் தண்ணீருக்குள் விழுந்திருப்பார். பஸ் முதலாளி சொல்லிவிட்டார்: டொக்டரின் கடிதம் இல்லாமல் இனி அதிக நாள் வைத்திருக்க ஏலாது.

எம்.ஆர்.ஐ. படத்தில் ஐந்து கறுப்புப் புள்ளிகள் இருந்தன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஒழுங்காக வளராமல் சுருண்டு, நாவற்பழக் கொத்துப் போல் கட்டியாகி நிற்கும் வகை. சிலருக்குப் பிறவியிலேயே பல இடங்களில் இருக்கும். வாழ்நாள் முழுக்கச் சத்தமில்லாமலும் இருக்கும். எப்போதாவது ஒன்று சிறிது கசிந்து, சுற்றியுள்ள மூளையைச் சினப்படுத்தி வலிப்பைக் கிளப்பும்.

"இதில எத்தினை இருக்கு டொக்டர்?" என்றார் ராசன்.

"அஞ்சு."

"முன்னுக்கு இருந்து பின்னுக்கா?"

"ஓம், முன்னுக்கு ஒண்டு, பெரிசு. கடைசி பிடரிப் பக்கம்."

அவர் படத்துக்குக் கிட்டே வந்து விரலை வைத்தார். "அப்ப இது உப்புவெளி. இது சாம்பல்தீவு. நிலாவெளி. இறக்கக்கண்டி. பிடரியில நிக்கிறது குச்சவெளி. என்ர ரூட்டையே படம் பிடிச்சிருக்கிறியள்."

அவருடைய மனைவி பாலர் பாடசாலை ஆசிரியை. சிரிக்கவில்லை. "பிள்ளையளுக்கும் வருமா டொக்டர்?" என்று கேட்டார். வரக்கூடும், பிறகு பார்த்துக்கொள்வோம் என்றேன். அந்தக் கேள்விக்கு அன்று நான் கொடுத்த நேரம் அவ்வளவுதான். ராசனின் பகிடிக்கு அதைவிடக் கூட நேரம் கொடுத்தேன். அன்று முதல் எங்கள் பிரிவில் யாரும் அந்தப் புள்ளிகளை மருத்துவப் பெயரால் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரியும், பல இருக்கும்போது எல்லாவற்றையும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. சும்மா கிடப்பதைச் சும்மா விட வேண்டும். வலிப்பைக் கிளப்புவது எது என்று கண்டுபிடித்து, அதை எடுப்பதால் வரும் கேடு அதை விடுவதால் வரும் கேட்டைவிடக் குறைவுதானா என்று பார்க்க வேண்டும். இதில் முதல் பாதி துப்பறியும் வேலை. இரண்டாம் பாதிக்கு மனச்சாட்சி வேண்டும். கை வேலை அதற்கெல்லாம் பிறகு.

ராசனின் மண்டையில் சந்தேகத்துக்குரியவை இரண்டு. உப்புவெளி வலது பக்க நெற்றிக்குப் பின்னால், மேலாகவே இருந்தது. பெரியது, எடுக்கச் சுகமானது, படத்தில் பார்க்கவும் அழகானது. இறக்கக்கண்டி இடது பக்கம், மிளகு அளவு. ஆனால் அது இருந்த இடம் பொல்லாத இடம்: வலது கையை ஆட்டும் பகுதிக்கும் பேச்சுப் பகுதிக்கும் நடுவில். அதில் கை வைத்துப் பிழைத்தால் ராசனால் டிக்கெட் கிழிக்கவும் ஏலாது, ஊர்ப் பெயர் கூவவும் ஏலாது. நடத்துநருக்கு வேறு என்ன இருக்கிறது?

எதிலும் புதிய கசிவு தெரியவில்லை. மூளை மின்பதிவு எடுத்தோம், ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே வலிப்பு உடம்பின் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று அறிவதே வழி. இடது கையில் தொடங்கினால் குற்றவாளி வலது மூளை. வலது கையில் தொடங்கினால் இடது மூளை. ராசனுக்கே அது தெரியாது. வலிப்பு வந்தால் அவருக்கு நினைவு போய்விடும்.

"வீட்டில ஒருநாளும் வரேல்ல," என்றார் மனைவி. "எல்லாம் பஸ்ஸிலதான்."

"அப்ப கண்டது ஆர்?"

"சலீம் நானா. டிரைவர். வெளியில நிக்கிறார். சொந்தக்காரர்தான் உள்ளுக்கு வரலாம் எண்டு நேர்ஸ் அக்கா விடேல்ல."

நேர்ஸ் அக்காவின் சட்டத்தைத் தளர்த்தி அவரை உள்ளே எடுத்தேன். இந்த இடத்தில் நான் என்னைப் பற்றிப் பெருமைப்பட்டது நினைவிருக்கிறது. பார், கண்ணால் கண்ட சாட்சியைத் தேடிப் பிடிக்கிறேன் என்று. சலீம் நானா கிண்ணியாக்காரர். அறுபதை எட்டும் வயது, வெள்ளைத் தாடி, நெற்றியில் தொழுகை வடு. பொய் சொல்லாத முகம்.

"நாலு தரம் கண்டனான் டொக்டர். முதல்ல வாய் நிக்கும். நிலாவெளி எண்டு கூவத் தொடங்குவார், 'நிலா'வோட நிண்டிரும். பிறகு கை வெட்டி வெட்டி இழுக்கும்."

"எந்தக் கை நானா?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "இடக்கை."

"நிச்சயமா?"

"நாலு தரமும் இடக்கைதான். அல்லாஹ் அறிய."

இடது கை என்றால் வலது மூளை. வலது மூளை என்றால் உப்புவெளி. எனக்குள் ஒரு சிறு சந்தோஷம் ஓடியது. அந்தச் சந்தோஷத்தை நன்றாக நினைவில் வைத்திருங்கள். இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

அப்போது என்னிடம் பயிற்சியின் கடைசி மாதங்களில் இருந்த ஒரு பெண் டொக்டர், எப்போதும் நோயாளி சொல்வதைச் சொன்னபடியே குறித்து வைப்பவர், ராசனின் கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தார். "வலிப்புக்குப் பிறகு கொஞ்ச நேரம் டிக்கெட்டை இடக்கையால் கிழித்ததாகச் சொல்கிறார்; வலக்கைக்குப் பலம் இல்லையாம். இடது பக்கப் புள்ளியாக இருக்குமோ?" கேள்விக்குறியையும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தார்.

வலிப்பு தொடங்கிய கை பிறகு சற்று நேரம் சோர்ந்து கிடக்கும் என்பது நீங்கள் முதல் வருடத்தில் படிக்கும் பாடம். வாய் முதலில் நிற்கிறது என்று சலீம் நானா சொன்னதும் இடது மூளையையே காட்டியது. எனக்கு அது தெரியாதா? தெரியும். "சேர், இது..." என்று அவர் தொடங்கினார்.

"மூட்டை முடிச்சு ஏத்தி இறக்கிற ஆள் பிள்ளை. கை நோகாதா?" என்றேன். அவர் எழுதிய வரிக்குப் பக்கத்தில் "தொடர்பில்லை" என்று என் கையால் எழுதினேன். அழகான கையெழுத்து. இன்றும் அந்தக் கோப்பில் இருக்கிறது.

உப்புவெளியை எடுத்தோம். அவ்வளவு சுத்தமாக நான் எதையும் எடுத்ததில்லை. மூன்றாம் நாள் ராசன் கட்டிலில் எழுந்திருந்து, "என்ன டொக்டர், உப்புவெளி ஹோட்டல் எல்லாத்தையும் காலி பண்ணியாச்சோ?" என்றார். முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒரு மருத்துவர் கூட்டத்தில் காட்டினேன். கை தட்டினார்கள். தேநீர் இடைவேளையில் பேராசிரியர் ஒருவர் என் தோளில் தட்டி, தன் பங்கு கேக் துண்டையும் எனக்குத் தந்தார். அதை நான் தின்றுகொண்டிருந்த அந்தக் கிழமையிலேயே ராசன் பஸ்ஸில் மறுபடி விழுந்திருந்தார்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகும் சில காலம் வலிப்பு வரலாம், அது உண்மைதான். அந்த உண்மையின் பின்னால் நான் மூன்று மாதம் ஒளிந்திருந்தேன். ஒவ்வொரு கிளினிக்கிலும் குளிசையைக் கூட்டினேன். ராசனின் கண் சொருகியது. நாக்குத் தடித்தது. "குச்சவெளி" என்று அவர் கூவியது "குச்சுவேலி" மாதிரிக் கேட்கிறது என்று பயணிகள் பழித்துக் காட்டினார்களாம். "டொக்டர், என்னைப் பாத்து ஆக்கள் சிரிக்கினம். முந்தி நான்தானே ஆக்களைப் பாத்துச் சிரிக்கிறனான்," என்றார். முதலாளியும் கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டார்: இன்னொரு முறை விழுந்தால் பஸ்ஸில் இடமில்லை.

அந்த மாதக் கிளினிக் முடிந்து நிலாவெளியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போக வெளிக்கிட்டேன். கார் கிளம்பவில்லை. பஸ் நிலையத்துக்கு நடந்தேன். ஏறியது அவர்களுடைய பஸ். சலீம் நானா என்னைக் கண்டதும், முன் ஆசனத்தில் இருந்தவரை எழுப்பி என்னை இருத்தினார். அவருக்கு மேலே பெரிய கண்ணாடி. அதைச் சுற்றி முதலாளி ஒட்டிய பிள்ளையாரும் இவர் ஒட்டிய மக்காப் படமும், நடுவில் ஒரு பிளாஸ்டிக் மாலை. அந்தக் கண்ணாடியில் பஸ் முழுவதும் தெரிந்தது.

ராசன் நடு வழியில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். சாம்பல்தீவு தாண்டும்போது தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். கண்ணாடியில் தழும்பு தெரிந்தது. நான் இட்ட தழும்பு.

இடது பக்கத்தில் இருந்தது.

தம்பிமாரே, பக்கம் மாறிக் கீறிவிட்டேனா? உடம்பை முழுதாகத் திருப்பிப் பின்னால் பார்த்தேன். தழும்பு வலது பக்கத்தில், வைத்த இடத்தில் ஒழுங்காக இருந்தது. மூச்சு வந்தது. நன்றி சொல்லிக்கொண்டு முன்னால் திரும்பினேன். கண்ணாடியில் தழும்பு மறுபடி இடது பக்கம் போனது.

நான் அனுபவித்த நிம்மதியின் ஆயுள் அவ்வளவுதான்.

"நானா," என்றேன். "அண்டைக்கு இடக்கை இழுத்தது எண்டு சொன்னீங்களே. எங்க நிண்டு பாத்தீங்கள்?"

"எங்க நிண்டோ?" சலீம் நானா வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். "அறுபது பேரோட பஸ்ஸை விட்டிட்டுப் பின்னுக்குப் போய் நிண்டு பாக்கவா டொக்டர்? இந்தா, இதிலதான் கண்டனான்." ஒரு விரலால் கண்ணாடியைத் தட்டினார். பிளாஸ்டிக் மாலை ஆடியது.

கண்ணாடியில் நம்மைப் பார்த்து நிற்பது போல் தெரியும் மனிதனின் இடக்கை அவனுடைய வலக்கை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். சலீம் நானா கண்டதைக் கண்டபடி சொன்னார். எங்கிருந்து கண்டார் என்று கேட்க வேண்டியவன் நான். ஏன் கேட்கவில்லை? அவர் "வலக்கை" என்று சொல்லியிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன். நிச்சயமா, எத்தனை மணிக்கு, வெளிச்சம் இருந்ததா, நீங்கள் வீதியைத்தானே பார்த்தீர்கள், வேறு யாரும் கண்டார்களா, யாராவது கைபேசியில் படம் எடுத்தார்களா என்று. அவர் சொன்ன விடை என் கைக்குச் சுகமாக இருந்தது. சுகமான விடையை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

நிலாவெளியில் இறங்கினேன். தங்கை வீட்டில் நண்டுக் கறி. தின்றேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு பதினொரு நாள் பேசாமல் இருந்தேன். ஏனென்றால் எனக்கு ஒரு நல்ல மறைவிடம் கிடைத்திருந்தது. கோப்பில் தெளிவாக இருக்கிறது: "நேரில் கண்ட சாட்சி: இடது கை." பிழை சாரதியுடையது. எந்த விசாரணையிலும் நான் தப்புவேன். பன்னிரண்டாம் நாள் கோப்பை எடுத்து, தப்பும் வழி சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்க்கப் போனேன். அந்த வரிக்குக் கீழேயே, பெரிய கேள்விக்குறிக்குப் பக்கத்தில், என் அழகான கையெழுத்து: "தொடர்பில்லை."

அந்தக் கேள்விக்குறியைப் போட்ட பெண் டொக்டர் இந்த இடைவெளியில் பயிற்சி முடித்து, எங்கள் பிரிவிலேயே நிபுணராகியிருந்தார். என்னிடம் வருவதற்கு முன்பே வெளிநாட்டில் ஒரு வருடம், நோயாளியை விழிப்பில் வைத்துக்கொண்டு மூளையில் வேலை செய்யப் பழகி வந்தவர். அவரிடம் கோப்பை நீட்டினேன். வாசித்தார். நான் கண்ணாடிக் கதையைச் சொன்னேன்.

"அந்தக் கேள்விக்குறியை நான் மறக்கேல்ல சேர்," என்றார். "ஆனா திருப்பிக் கேக்கவும் இல்ல. அது என்ர பிழை."

"உம்முடைய பிழை சின்னன்."

"ஓம், சின்னன்தான்." கொஞ்சமும் தயங்காமல் ஒத்துக்கொண்டார். "இப்ப ராசனுக்கு நீங்கள் சொல்லப்போறீங்களா, நான் சொல்லவா?"

நானே சொன்னேன். ராசனும் மனைவியும் கதிரையில் இருந்தார்கள், பெண் டொக்டர் என் பக்கத்தில். சலீம் நானாவையும் உள்ளே கூப்பிட்டேன். இந்த முறை நேர்ஸ் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னேன். வலிப்பைக் கிளப்பியது இறக்கக்கண்டியாக இருக்க வேண்டும். நான் எடுத்தது உப்புவெளி. அதை எடுத்திருக்கத் தேவையில்லை.

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அண்டைக்கு மண்டையைத் திறந்தது சும்மாவா?"

"ஓம்."

"மூண்டு மாசமா நீங்கள் எழுதித் தந்த துண்டைப் பாத்துப் பாத்து நான் இந்தாளுக்குக் குளிசை குடுத்தனான். சோத்துத் தட்டுக்கு முன்னால நித்திரை தூங்கி விழுவார். எழுப்பி எழுப்பிக் குடுத்தனான்." அவர் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பிள்ளைகளுடன் பேசிப் பழகிய குரல். "அப்பவே உங்களுக்குச் சந்தேகம் வரேல்லையா?"

"வந்தது."

அந்த ஒரு சொல்லைச் சொல்வது முழுக் கதையையும் சொல்வதைவிடக் கடினமாக இருந்தது.

சலீம் நானா வாசலுக்குப் பக்கத்தில் நின்றபடி, "நான் சொன்னதாலதானா?" என்றார்.

"இல்லை நானா. நீங்கள் கண்டது சரி. நான் கேட்ட விதம்தான் பிழை."

ராசன் தடித்த நாக்கைப் புரட்டிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "அப்ப டொக்டர் இறக்கக்கண்டிக்கு டிக்கெட் எடுத்திட்டு, உப்புவெளியில இறங்கிட்டார்."

"அப்படித்தான்."

"அங்க கடற்கரை நல்லாத்தான் இருக்கும். கன பேர் அப்பிடி இறங்கிறவை." பிறகு சிரிக்காமல் கேட்டார்: "இனி என்ன செய்யிறது?"

அதற்கு விடையைப் பெண் டொக்டர் சொன்னார். இப்படியே குளிசையுடன் இருக்கலாம்; அப்படியென்றால் பஸ்ஸை மறக்க வேண்டும். அல்லது இறக்கக்கண்டியை எடுக்கலாம். ஆளை விழிப்பில் வைத்து, பேச வைத்து, கையை ஆட்ட வைத்து எடுப்பது. அப்படிச் செய்தாலும் பேச்சோ கையோ கெட்டுப்போகலாம். இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது. யோசித்து வாருங்கள், அவசரம் இல்லை என்றார்.

மனைவி என் பக்கம் கையைக் காட்டி அவரிடம் கேட்டார்: "ஆர் வெட்டுறது? இவரா?"

"இல்லை. நான்."

"அப்ப சரி, யோசிக்கிறம்."

மூன்று கிழமை யோசித்து வந்தார்கள். எடுப்போம் என்றார்கள். ராசன் மட்டும் என்னிடம் ஒரு நிபந்தனை வைத்தார்: "நீங்களும் வரவேணும் டொக்டர். கத்தி வேண்டாம். சும்மா பயணியா வாருங்கோ."

விழிப்பில் செய்யும்போது வழக்கமாக நோயாளிக்குப் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வோம்: நாய், குடை, கதிரை. ராசன் இரண்டு படத்துக்குமேல் பொறுக்கவில்லை. "இதெல்லாம் என்ர மனிசியின்ர பள்ளிக்கூடத்தில. நான் ரூட் சொல்லுறன்," என்றார். ஆகவே மறைப்புத் துணியின் ஒரு பக்கத்தில் அவருடைய திறந்த மண்டையும் பெண் டொக்டரும். மறு பக்கத்தில் அவருடைய முகமும், அதற்குப் பக்கத்தில் ஸ்டூலில் நானும். நாற்பது வருடம் அந்தப் பக்கம் நின்றவன். முகம் இருக்கும் பக்கத்தை அன்றுதான் பார்த்தேன்.

"திருகோணமலை, உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி. இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ." மறுபடி திரும்பி வருவார். நடுவில், கருவி எடுத்துக்கொடுத்த நேர்ஸிடம், "அக்கா, மிதிபலகையில நிக்க வேண்டாம்," என்பார். ஒரு இடத்தைத் தொட்டபோது அவருடைய வலது விரல்கள் தானாக ஆடின. பெண் டொக்டர் அந்த இடத்தை விட்டு விலகி வேறு வழி பிடித்தார். ஆறாவது பயணத்தில் நாவற்பழம் முழுதாக வெளியே வந்தது.

மிஞ்சியது சுற்றியிருந்த பழைய இரத்தக் கறை படிந்த ஓரம். அதையும் எடுத்தால் வலிப்பு நிற்கும் வாய்ப்புக் கூடும். ஆனால் பின் பக்க ஓரம் பேச்சுப் பகுதியைத் தொட்டுக்கொண்டு இருந்தது. அவர் அங்கே மெதுவாகத் தொட்டுப் பார்த்தார்.

"திருகோணமலை, உப்புவெளி, நிலாவெளி..."

துணிக்கு அப்பால் கை நின்றது. "சேர், சாம்பல்தீவு சொன்னாரா?"

சொல்லவில்லை. ஆனால் இந்த ஆளை எனக்குத் தெரியும். இறங்க ஆள் இல்லாவிட்டால் சாம்பல்தீவைக் கூவாமல் விடுவார்; நானே பஸ்ஸில் இருந்து பார்த்திருக்கிறேன். விளையாட்டுக்கும் விடுவார். குனிந்து, "ராசன், சாம்பல்தீவு?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம், இரண்டு கணம். பிறகு, "அங்க ஆள் இறங்கேல்ல," என்றார். உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று. சிரிப்பா, இழுப்பா?

"சேர், எடுக்கவா, விடவா?"

எனக்குப் பிடித்த விடை தயாராக இருந்தது. பகிடி விடுகிறார், எடுங்கோ. ஓரமும் போகும், வலிப்பும் போகும், நான் செய்த அநியாயமும் அதோடு சுத்தமாகத் துடைபட்டுப் போகும். அந்தப் பழைய சந்தோஷம் நெஞ்சுக்குள் மெல்ல எட்டிப் பார்த்தது. அதை அடையாளம் கண்டேன். யன்னல் வெளிச்சத்தில், சலீம் நானா "இடக்கை" என்றபோது வந்த அதே ஆள்.

"விடுங்கோ," என்றேன். "நிப்பாட்டுங்கோ."

அவர் நிறுத்தினார்.

சில கிழமை ராசன் சட்டைப் பொத்தான் போடச் சிரமப்பட்டார், பிறகு சரிவந்தது. வலிப்பு இரண்டு முறை வந்தது, அதுவும் குளிசை விட்ட நாள்களில். பிறகு வரவில்லை. குளிசையைக் குறைத்தார்கள். நாக்கு மெலிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கும் வேலையில் இருந்து, பெண் டொக்டரின் கடிதத்துடன் மறுபடி பஸ்ஸில் ஏறினார். மிதிபலகையில் நிற்கக் கூடாது என்பது உத்தரவு. பிள்ளைகள் இருவரையும் படம் எடுத்துப் பார்த்தோம். முன்பே செய்திருக்க வேண்டியது. அவர்களுக்கு ஒன்றும் இல்லை. சாம்பல்தீவும் நிலாவெளியும் குச்சவெளியும் அவருடைய மண்டைக்குள் இன்னும் சத்தமில்லாமல் கிடக்கின்றன. வருடம் ஒரு முறை அவற்றைப் படம் பிடித்துச் சுகம் விசாரிக்கிறார்கள். மனைவி இன்றுவரை என்னுடன் கதைப்பதில்லை. கிளினிக்குக்கு வந்தால் பெண் டொக்டருக்கு மட்டும் முருங்கைக்காய் கொண்டு வருவாராம். அது நியாயம்.

இப்போது எல்லோரிடமும் கைபேசி இருக்கிறது. வலிப்பை வீடியோ எடுத்து வரச் சொல்லுங்கள். வந்ததும், எந்தப் பக்கக் கமராவால் எடுத்தது என்று கேளுங்கள். முகம் பார்க்கும் பக்கக் கமரா சில கைபேசிகளில் படத்தைக் கண்ணாடி போல இடம் வலம் மாற்றிக் காட்டும். சிரிக்காதீர்கள். நானும் சிரித்திருப்பேன்.

ஓய்வு பெற்றபின் கார் வைத்திருக்கவில்லை. தங்கை வீட்டுக்கு அந்தப் பஸ்ஸில்தான் போகிறேன். போன மாதம் ஏறியபோது பஸ்ஸில் ஆள் குறைவு. ராசன் பக்கத்தில் வந்து நின்றார். நெடுநாளாக மனத்தில் கிடந்ததைக் கேட்டேன்.

"அண்டைக்குச் சாம்பல்தீவை விட்டது பகிடிக்கா, இல்லாட்டி உண்மையாவே வாய் வரேல்லையா?"

அவர் டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்தார். "உங்களுக்கு எது பிடிக்குதோ, அதை வைச்சிருங்கோ டொக்டர்."

பின்னால் போய்விட்டார். சாம்பல்தீவு வந்தது. அவர் கூவவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். என்னைப் பார்த்தபடி ஒரு கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக் காட்டினார்.

நான் ஆசனத்தில் முழுதாகத் திரும்பிப் பார்த்தேன். வலக்கை.

"என்ன டொக்டர்," என்றார் சலீம் நானா, "கண்ணாடியில பாத்தாப் போதாதா?"

"போதாது நானா."